தேராவின் முதுகுவலி

துபாயின் தேரா வட்டாரத்தில், நைஃப் சாலைக்குப் பின்புறம் உள்ள பழைய கட்டடங்களில், ஓர் அறையை ஆறு பேர் எட்டுப் பேராகப் பகிர்ந்துகொண்டு ‘பெட் ஸ்பேஸ்’ வாசம் செய்கிறவர்களிடம் எங்கும் எழுதி ஒட்டாத ஓர் ஏற்பாடு உண்டு. ஊரிலிருந்து புதிதாக இறங்கிய பையனுக்கு மேல் கட்டில். ஐம்பத்தைந்தைத் தாண்டிய அண்ணனுக்குக் கீழ்க் கட்டில். அந்த அண்ணன் இரும்பு ஏணியில் ஏறும்போது முட்டியிலிருந்து வந்த சத்தத்தை அறையே கேட்டிருக்கும். அதனால் யாரும் தகராறு செய்வதில்லை.

தேராவில் வயதாகிறவர்கள் ஏராளம். துபாயைக் காட்டும் விளம்பரப் படங்களில் அவர்கள் வருவதில்லை, அவ்வளவுதான். கீழக்கரை, காயல்பட்டினம், அதிராம்பட்டினம், கூத்தாநல்லூர் என்று எழுபதுகளிலும் எண்பதுகளிலும் புறப்பட்டு வந்த சபுராளிகளில் சிலர் இன்னும் ஊர் திரும்பவில்லை. கடைசிப் பெண்ணுக்கு நிக்காஹ் முடியட்டும், வீட்டுக் கடன் அடையட்டும் என்று ஒவ்வொரு விசா புதுப்பிப்பிலும் அந்தப் பயணம் ஒரு தவணை தள்ளிப்போகிறது. காலை ஒன்பதிலிருந்து மதியம் ஒன்றுவரை, பிறகு மாலை நாலிலிருந்து இரவு பத்துவரை சூக் கடையில் நின்ற கால்கள் அவை. துணி பேல் தூக்கிய தோள்களும், ஹோட்டல் சமையல்கட்டில் குனிந்தே இருந்த இடுப்புகளும், டெலிவரி வேனில் குலுங்கிய முதுகுகளும் இந்த வட்டாரத்தில்தான் இருக்கின்றன.

இன்னொரு கூட்டமும் இருக்கிறது. மகன் வீட்டுக்கோ மகளின் பிரசவத்துக்கோ விசிட் விசாவில் வரும் அம்மா அப்பாக்கள். முரக்கபாத்திலோ முத்தீனாவிலோ ஒன்பதாவது மாடி ஃபிளாட். ஊரில் காலையில் வாசல் தெளிப்பு, கடைத்தெரு, கோயில் அல்லது பள்ளிவாசல் என்று நாலு தடவை இறங்கி ஏறிய உடம்பு, இங்கே சோபாவுக்கும் சமையலறைக்கும் இடையில் சுருங்கிவிடுகிறது. பேரனைத் தூக்கித் தூக்கி இடுப்பு பிடித்துக்கொள்ளும். இரவு முழுக்க ஏசி ஓடுவதால் காலையில் கழுத்து திரும்பாது. வெளியே வெயில் கொளுத்தும் நாட்டில், வெயிலே படாமல் வாழ்கிறவர்களுக்கு வைட்டமின் டி குறைவு என்பது வளைகுடா மருத்துவர்கள் தினமும் பார்க்கும் வேடிக்கை. கோடையில் உச்சி வெயில் வேலைக்குத் தடை போட வேண்டிய நாடு இது. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30க்கும் 3 மணிக்கும் இடையே திறந்தவெளி வேலை கூடாது. அந்த மூன்று மாதமும் பெரியவர்கள் வீட்டுக்குள்தான்.

வலி வந்தால் என்ன செய்கிறார்கள்? முதலில் கோடாலித் தைலம். அது கேட்காவிட்டால் பார்மஸியில் ஒரு வலி மாத்திரை அட்டை. கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் அறுபதைத் தாண்டிய தமிழ் உடம்பில் பெரும்பாலும் சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் ஏற்கனவே குடியிருக்கும். சில வகை ரத்தக்கொதிப்பு மாத்திரை, சிறுநீரைக் கூட்டும் மாத்திரை, இவற்றோடு புரூஃபன் வகை வலி மாத்திரை என்று மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகம் திடீரென்று படுத்துவிடக்கூடும். கோடையில் உடம்பில் நீர் வற்றியிருந்தால் ஆபத்து இரட்டிப்பு. வயிற்றுப்புண்ணும் ரத்தக்கசிவும் தனிக் கணக்கு.

எனவே மாத்திரை இல்லாமல் வலியைக் குறைக்கும் எதையும் முதியவர்கள் நாடுவதில் நியாயம் இருக்கிறது. தேராவில் அதற்கான கடைகளுக்கும் குறைவில்லை. மலையாளிகளின் ஆயுர்வேத உழிச்சல் நிலையங்கள், ஹிஜாமா என்னும் ரத்தம் உறிஞ்சும் வைத்தியம், சீன அக்குபஞ்சர் எல்லாம் இருக்கின்றன. இந்த வரிசையில் சில காலமாக வசதியுள்ள தமிழ்க் குடும்பங்களில் அடிபடும் பெயர், எலும்பையும் தசையையும் கையால் சீராக்கும் ஆஸ்டியோபதி. “ஜுமைராவில் ஒரு டாக்டர் இருக்கார், அழுத்தவே மாட்டார், மெல்லத் தொடுவார், அத்தையால இப்ப கையைத் தூக்க முடியுது” என்ற பேச்சு கல்யாண வீட்டுப் பந்தியில் பரவுகிறது.

மெல்லத் தொட்டால் என்ன ஆகும்? எது ஆகாது? என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வலிக்கும் இறுக்கத்துக்கும் இது ஓரளவு உதவுகிறது. நோயைத் தீர்க்கும் என்று யாராவது சொன்னால் பர்ஸை மூடிக்கொண்டு எழுந்துவிடலாம். இந்த இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் கவனிக்க வேண்டிய சங்கதி.

மிசூரி டாக்டரின் கோபம்

ஆஸ்டியோபதியைத் தொடங்கிய ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் 1828இல் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் பிறந்தவர். அப்பா மதபோதகரும் வைத்தியருமாக இருந்தவர். உள்நாட்டுப் போரில் வடக்குப் படைகளின் பக்கம் இருந்தார் ஸ்டில். போர் ஓயும் முன்பே, 1864இல், மூளைக்காய்ச்சல் அவருடைய மூன்று குழந்தைகளைக் கொண்டுபோனது. தன் கையிலிருந்த மருந்தெல்லாம் பயனற்றுப் போனதைப் பார்த்த மனிதர் அதன் பிறகு மருந்துகளையே வெறுத்தார்.

அந்தக் காலத்து மருந்துகள் எவை என்று பார்த்தால் அவர் கோபம் புரியும். பாதரசம், ஆர்சனிக், அபின், அதோடு ரத்தம் வடிக்கும் சிகிச்சை. நோயைவிட வைத்தியத்தில் செத்தவர்கள் அதிகம் என்று சந்தேகப்பட எல்லாக் காரணமும் இருந்தது. எலும்புகளையும் தசைகளையும் கையால் சீராக்கினால் ரத்த ஓட்டம் சரியாகும், உடம்பு தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் என்ற முடிவுக்கு வந்தார். 1874 ஜூன் 22ஆம் தேதியைத் தன் முறை பிறந்த நாளாக அவரே குறித்து வைத்திருக்கிறார். 1892இல் மிசூரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில் ஊரில் பள்ளி தொடங்கினார். முதல் வகுப்பிலேயே பெண்களையும் சேர்த்துக்கொண்டார், அந்தக் காலத்து மருத்துவக் கல்லூரிகளில் அபூர்வமான காரியம். எல்லா நோய்க்கும் முதுகெலும்பில் விடை இருக்கிறது என்ற அவருடைய பிடிவாதம் காலத்தில் நிற்கவில்லை. மருந்தைக் குறைத்து உடம்பைக் கையால் படி என்ற பகுதி நின்றது.

பிறகு இந்த மரபு இரண்டாகக் கிளைத்தது. அமெரிக்காவில் ஆஸ்டியோபதி படித்தவர்கள் இன்று முழு டாக்டர்கள். மருந்து எழுதுவார்கள், அறுவை செய்வார்கள். அந்நாட்டு மருத்துவர்களில் பத்தில் ஒருவருக்குச் சற்று அதிகமாக இவர்கள் இருக்கிறார்கள். ஐரோப்பாவில் கதை வேறு. ஸ்டில்லின் மாணவர் ஜான் மார்ட்டின் லிட்டில்ஜான் 1917இல் லண்டனில் பள்ளி நிறுவினார். அங்கே அது கையால் மட்டும் செய்யும் தனித் தொழிலாக வளர்ந்தது. பிரிட்டன் 1993இல் அதற்குத் தனிச் சட்டமே இயற்றியது. பிரான்ஸ் 2002இல் அங்கீகரித்தது. உலக சுகாதார நிறுவனம் 2010இல் பயிற்சிக்கான அளவுகோல்களை வெளியிட்டது. துபாயில் நாம் பார்ப்பது பெரும்பாலும் இந்த ஐரோப்பிய வகை. அந்த ஆஸ்டியோபத்தின் பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ இருந்தாலும் இல்லாவிட்டாலும், உங்கள் அப்பாவின் சர்க்கரை மாத்திரையை மாற்ற அவருக்கு அதிகாரம் இல்லை. முதலில் இது தெளிவாக இருக்க வேண்டும்.

மேஜைமேல் நடப்பது

நல்ல ஆஸ்டியோபத் கையை நீட்டும் முன் வாயைத் திறப்பார். எப்போதிலிருந்து வலி, என்னென்ன மாத்திரை, எப்போதாவது விழுந்தீர்களா, ராத்திரி வலியால் விழிப்பு வருகிறதா என்று கேட்பார். பிறகு நடக்கச் சொல்வார். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழச் சொல்வார். மூச்சு இழுக்கும்போது விலா எலும்புகள் இருபுறமும் ஒரே மாதிரி விரிகின்றனவா என்று உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். பத்து நிமிட கிளினிக் வரிசையில், ஸ்கிரீனைப் பார்த்தபடியே ‘அங்கிள், எங்கே வலி?’ என்று கேட்கும் வேகத்துக்குப் பழகியவர்களுக்கு இதுவே பாதி வைத்தியம். நான் கிண்டலாகச் சொல்லவில்லை. முதியவரை முக்கால் மணி நேரம் ஒருவர் முழுதாகக் கவனிக்கிறார் என்பதற்கு மருத்துவ மதிப்பு உண்டு.

பிறகு சிகிச்சை. நெட்டி முறிக்கிற சத்தத்தை எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். மூட்டில் கேட்கும் ‘டக்’ என்பது மூட்டு நீரில் வாயுக் குமிழி உண்டாகும் சத்தம்தான், இடம் மாறிய எலும்பு திரும்பிப் போய் உட்காரும் சத்தம் இல்லை. அலைபேசியில் வரும் ரீல்ஸ்களில் மைக்கை முதுகருகே வைத்து அந்தச் சத்தத்தை விற்கிறார்கள். முதியோருக்கான முறைகளில் அதற்கு இடமில்லை.

ஒரு முறையில், நோயாளியே தன் தசையை மெல்ல இறுக்க வேண்டும். வைத்தியர் அதை எதிர்த்துச் சில நொடிகள் பிடித்திருப்பார். விட்டதும் தசை முன்பைவிடச் சற்று நீளும். இன்னொரு முறை 1955இல் ஓரிகான் மாநிலத்தில் லாரன்ஸ் ஜோன்ஸ் என்பவரிடம் தற்செயலாகப் பிறந்தது. மாதக்கணக்கில் முதுகு நிமிராமல் தவித்த ஓர் இளைஞனை, வலியே இல்லாத ஒரு கோணல் நிலையில் தலையணைகளை முட்டுக்கொடுத்துப் படுக்கவைத்துவிட்டு, வேறொரு நோயாளியைப் பார்க்கப் போனார் ஜோன்ஸ். இருபது நிமிடம் கழித்துத் திரும்பியபோது அந்த ஆள் நிமிர்ந்து நின்றான். வலிக்கும் புள்ளியைக் கண்டுபிடித்து, அந்த வலி அடங்கும் நிலையில் உடம்பைச் சுமார் ஒன்றரை நிமிடம் தாங்கிப் பிடித்து, மெதுவாகப் பழைய நிலைக்குக் கொண்டுவருவது இன்றைய வடிவம். எண்பது வயது முதுகுக்கு இதைவிட மென்மையான ஒன்றைக் கற்பனை செய்வது கடினம்.

தேரா வாசிகளுக்கு அதிகம் பொருந்துவது ‘ஸ்பென்சர் முறை’ என்று நினைக்கிறேன். சர்க்கரை நோயாளிகளுக்குத் தோள்பட்டை இறுகிப்போவது மற்றவர்களைவிட மிக அதிகம். சட்டையின் கையில் கை நுழையாது, பின்னால் ஊக்கு மாட்ட முடியாது, தொழுகையில் கையை உயர்த்தினால் காதுக்கு எட்டாது. சார்லஸ் ஸ்பென்சர் 1916இல் விவரித்த இந்த முறையில், நோயாளி ஒருக்களித்துப் படுத்திருக்க, தோளை ஏழு படிகளில் அசைக்கிறார்கள். பின்னால், முன்னால், சிறு வட்டம், இழுத்துப் பிடித்துப் பெரிய வட்டம், பக்கவாட்டு, உட்புறத் திருப்பம், கடைசியில் மெல்லிய இழுப்பும் தளர்வும். வலிக்கும் எல்லைவரை போய் அங்கே நின்று, நோயாளி லேசாகத் தள்ள, மீண்டும் ஒரு விரற்கடை முன்னேற்றம்.

இதைப் படிக்கிற தஞ்சாவூர்க்காரர் யாராவது, “எங்க வைத்தியர் இதைத்தானே செய்வார்?” என்று கேட்கக்கூடும். கேள்வி சரிதான். சித்த மருத்துவத்தில் தொக்கணம் என்ற பகுதியே உண்டு. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என ஒன்பது வகை சொல்கிறார்கள். கன்னியாகுமரிப் பக்கத்து வர்ம ஆசான்கள் தனி மரபு. யாழ்ப்பாணத்தில் ஒடிவு முறிவு வைத்தியர்கள் இருக்கிறார்கள். கையால் உடம்பைப் படிப்பதில் நமக்கு அமெரிக்காவிடம் கற்க வேண்டிய தேவை இல்லை. ஆனால் ஸ்டில்லின் வாரிசுகள் ஒன்று செய்தார்கள். தங்கள் கைமுறையை எடுத்துப்போய், பொய்த் தொடுதலோடு ஒப்பிட்டுப் பரிசோதிக்கக் கொடுத்தார்கள். சில சமயம் தோற்றார்கள், அதையும் அச்சிட்டார்கள். நம் மரபுகளில் அந்த வேலை இன்னும் போதுமான அளவு நடக்கவில்லை என்பது என் வருத்தம்.

சோதனையில் தேறியதும் தேறாததும்

தோள்பட்டை ஆய்வு 2002இல் வெளிவந்தது. 29 முதியவர்கள்தான், சிறிய ஆய்வு. பாதிப் பேருக்கு ஸ்பென்சர் முறை, பாதிப் பேருக்குப் பெயருக்கு ஒரு தொடுதல். இரண்டு குழுவிலும் வலி குறைந்தது, கை கூடுதலாக அசைந்தது. சிகிச்சையை நிறுத்திய பிறகுதான் வேறுபாடு தெரிந்தது. உண்மைச் சிகிச்சை பெற்றவர்களின் தோள் மேலும் முன்னேறியது, மற்றவர்களுடையது பின்வாங்கியது. கவனம் கிடைத்ததால் வந்த நலம் ஒரு பங்கு, கைமுறையால் வந்தது இன்னொரு பங்கு என்று இதைப் படிக்கலாம்.

இதைவிடச் சுவாரசியமானது நிமோனியா ஆய்வு. வயதானவர்களின் விலாக்கூடு இறுகிப்போய், துருத்தி போல் விரிந்து சுருங்க வேண்டிய நெஞ்சு பாதியில் நின்றுவிடுகிறது, சளி வெளியேறுவதில்லை. விலாக்களையும் உதரவிதானத்தையும் கையால் தளர்த்திவிட்டால் மருத்துவமனை வாசம் குறையுமா? அமெரிக்காவில் ஏழு மருத்துவமனைகளில் ஐம்பது வயதைத் தாண்டிய 406 பேரிடம் சோதித்து, 2010இல் முடிவை வெளியிட்டார்கள். எல்லோருக்கும் வழக்கமான ஆன்டிபயாட்டிக் உண்டு. ஒரு குழுவுக்குக் கூடுதலாக நாளுக்கு இரு முறை, கால் மணி நேரம் கைச் சிகிச்சை. இரண்டாவது குழுவுக்கு வெறுமனே மெல்லிய தொடுதல். மூன்றாவது குழுவுக்கு இரண்டும் இல்லை.

சேர்ந்த அத்தனை பேரையும் கணக்கில் எடுத்தபோது, குழுக்களுக்கு இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. சிகிச்சையைத் திட்டப்படி முழுமையாகப் பெற்றவர்களை மட்டும் தனியே பிரித்துப் பார்த்தபோது, கைச் சிகிச்சைக் குழு சராசரியாக ஒரு நாள் முன்னதாக வீடு திரும்பியிருந்தது. ஆனால் மெல்லிய தொடுதல் பெற்றவர்களுக்கும் அவர்களுக்கும் இடையே பெரிய தூரம் இல்லை. ஆஸ்டியோபதி விளம்பரங்கள் இந்த ஆய்வின் இரண்டாம் பாதியை மட்டும் மேற்கோள் காட்டும். கடுமையான புள்ளிவிவரக்காரர்கள் முதல் பாதியை மட்டும் காட்டுவார்கள். எனக்கு இரண்டையும் சேர்த்துப் படிக்கத் தோன்றுகிறது. மருத்துவமனைக் கட்டிலில் தனித்துக் கிடக்கும் முதியவரை ஒருவர் நாளுக்கு இரு தடவை வந்து தொட்டு, உட்காரவைத்து, மூச்சிழுக்கச் சொல்வதில் ஏதோ இருக்கிறது. அது ஆஸ்டியோபதிதானா என்பது தீராத வழக்கு.

முதுகுவலிக்கு வருவோம். 1999இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வந்த ஆய்வில், 12 வாரத்துக்குப் பிறகு ஆஸ்டியோபதிச் சிகிச்சை பெற்றவர்களும் வழக்கமான மருத்துவம் பெற்றவர்களும் ஏறக்குறைய ஒரே அளவு தேறியிருந்தார்கள். ஆனால் முதல் குழு குறைவான வலி மாத்திரைகளோடு அந்த இடத்தை அடைந்தது. நான் மேலே சொன்ன சிறுநீரகக் கணக்கை நினைத்தால் இது சிறிய ஆதாயம் இல்லை. ஒரே சிக்கல், அதில் பங்கெடுத்தவர்கள் அறுபதைத் தொடாதவர்கள். பிரான்ஸில் 400 பேரை வைத்து நடத்தி 2021இல் வெளியான ஆய்வு இன்னும் கறாரானது. போலிச் சிகிச்சையைவிட உண்மைச் சிகிச்சை சற்றே மேல், ஆனால் அன்றாட வாழ்க்கையில் உணரும் அளவுக்கு இருக்காது என்றது.

மண்டையோட்டு எலும்புகளின் நுண்ணிய அசைவை விரலால் உணர்ந்து சரிசெய்வதாகச் சொல்லும் ஒரு பிரிவும் இருக்கிறது. வில்லியம் சதர்லாந்து என்பவர் 1930களில் வளர்த்தெடுத்தது. மிக மென்மையானது என்பதால் முதியோருக்கு இதைத்தான் அதிகம் பரிந்துரைக்கிறார்கள். தலையைத் தாங்கிப் பிடித்தபடி இருபது நிமிடம், பலர் அங்கேயே தூங்கிவிடுவார்கள். தூங்குவதில் தவறில்லை. ஆனால் ஒரே தலையில் இரண்டு வைத்தியர்கள் கை வைத்தால் இரண்டு வெவ்வேறு தாளங்களைச் சொல்கிறார்கள் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. தலைசுற்றல், மறதி, காது இரைச்சல் எல்லாம் இதில் தீரும் என்று சொல்லிப் பத்து அமர்வுக்கு முன்பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

கை வைக்கக் கூடாத முதுகு

தேராவின் சலூன்களில் முடிவெட்டி முடித்ததும் தலையை இரு கைகளாலும் பிடித்து ‘டக் டக்’ என்று திருப்பிவிடும் பழக்கம் இன்னும் போகவில்லை. இருபத்தைந்து வயதுக் கழுத்து அதைத் தாங்கிவிடும். அறுபத்தைந்து வயதுக் கழுத்தில், மூளைக்குப் போகும் ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வரலாம். அரிதுதான். ஆனால் வந்தவருக்கு அரிதாக இருந்தது என்ன ஆறுதல்? சலூன்காரருக்கு டிப்ஸ் கொடுத்தாவது, அப்பாவுக்கு அதைச் செய்யாமல் தடுத்துவிடுங்கள்.

எலும்புச் சிதைவு உள்ள அம்மாக்கள் விஷயம் இன்னும் நுட்பமானது. முதுகெலும்பின் முன்பக்கம் நசுங்கி உடைவது பெரும்பாலும் விழாமலேயே நடக்கிறது. குனிந்து பேரனைத் தூக்கிய கணம் போதும். பல பேருக்கு உடைந்ததே தெரியாது; ‘வாய்வுப் பிடிப்பு’ என்று பூண்டு தின்றுகொண்டிருப்பார்கள். புடவை முன்பைவிடத் தரையில் புரள்கிறது, உயரம் குறைந்துவிட்டது, முதுகு கூன் விழுகிறது என்றால் யாருடைய கையும் படுவதற்கு முன் ஓர் எக்ஸ்ரேயும், எலும்பின் அடர்த்தியைப் பார்க்கும் டெக்ஸா ஸ்கேனும் எடுத்துவிடுவது நல்லது. முடக்குவாதம் பல வருடமாக உள்ளவர்கள், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், முன்பு புற்றுநோய் வந்தவர்கள் ஆகியோர் அதை முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும். ரத்தம் இளக்கும் மாத்திரை ஹிஜாமாவுக்கும் ஆகாது.

சில வலிகளுக்கு மேஜையே கூடாது, நேரே மருத்துவமனைதான். படுத்தாலும் ஓயாமல் இரவில் குடையும் வலி, காய்ச்சலோடு வரும் முதுகுவலி, காரணமில்லாமல் எடை இறங்குவது, கீழே விழுந்த மறுநாள் தொடங்கியது ஆகியவை அந்தக் கணக்கில் சேரும். கால் பலமிழந்து, தொடையின் உட்புறமும் உட்காரும் இடமும் மரத்து, சிறுநீர் தானாகக் கசிந்தாலோ அடைத்துக்கொண்டாலோ அன்றைய தினமே போக வேண்டும். நரம்புக் கொத்து நசுங்குகிறது என்று அர்த்தம். காலம் கடந்தால் அந்தக் கட்டுப்பாடு திரும்பாமலே போகலாம். நெஞ்சிலிருந்து இடது தோளுக்கு இறங்கும் வலியைத் ‘தோள் பிடிப்பு’ என்று நீவக் கொடுத்தவர்களைப் பற்றித் தனியே எழுத வேண்டியதில்லை.

காசும் காகிதமும்

ஐக்கிய அமீரகத்தில் ஆஸ்டியோபதி சட்டபூர்வமான தொழில். துபாய் சுகாதார ஆணையம், ஆயுர்வேதம், ஹோமியோபதி, யுனானி, சீன வைத்தியம் போன்றவற்றோடு இதையும் மரபு மற்றும் மாற்று மருத்துவப் பிரிவில் வைத்து உரிமம் தருகிறது. ஒருவர் பெயரை ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் தட்டினால் உரிமம் உயிரோடு இருக்கிறதா, எந்தத் தொழிலுக்கு என்று தெரிந்துவிடும். மசாஜ் நிலையத்தில் ஆஸ்டியோபதி செய்கிறேன் என்று சொல்பவரின் பெயர் அங்கே இருக்காது. தமிழ்நாட்டைவிட இந்த ஒரு விஷயத்தில் துபாய் எவ்வளவோ மேல். இந்தியாவில் ஒடிசாவின் ஸ்ரீ ஸ்ரீ பல்கலைக்கழகம் போன்ற ஓரிரு இடங்களில் ஆஸ்டியோபதி படிப்பு இருந்தாலும், பலகை மாட்டிக்கொள்கிறவரைத் தட்டிக்கேட்கத் தனிச் சட்டம் இல்லை.

ஆனால் காசு? துபாயின் 2013ஆம் ஆண்டு 11ஆம் எண் சட்டம் எல்லோருக்கும் மருத்துவக் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது, 2014 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. குறைந்த சம்பளக்காரர்களுக்கான அடிப்படைத் திட்டத்தில் மாற்று மருத்துவத்துக்கு இடமில்லை. ஒவ்வோர் அமர்வுக்கும் சொந்தக் காசு, அதுவும் நூற்றுக்கணக்கான திர்ஹம். பெட் ஸ்பேஸில் இருப்பவரின் மாத வாடகையோடு போட்டி போடும் தொகை. கல்யாணப் பந்தியில் ஆஸ்டியோபதி பேசுகிறவர்களும் கீழ்க் கட்டில் அண்ணனும் ஒரே தேராவில் இருந்தாலும் ஒரே வரிசையில் இல்லை.

அண்ணனுக்கு ஒன்று இருக்கிறது, அது பலருக்குத் தெரியவில்லை. அதே அடிப்படைத் திட்டத்தில், முன் அனுமதியோடு ஆண்டுக்கு 6 முறை பிசியோதெரபி உண்டு. ஆறு என்பது குறைவுதான். ஆனால் நல்ல பிசியோதெரபிஸ்ட் கிடைத்தால் தசையை இறுக்கித் தளர்த்தும் அதே கைமுறையையும், தோளின் அதே படிப்படியான அசைவுகளையும் செய்வார். கூடவே நீங்களே அறையில் செய்ய வேண்டிய பயிற்சியையும் சொல்லிக்கொடுப்பார். முதல் அமர்வில் வலியைக் காட்டி, மீதி ஐந்திலும் வீட்டுப் பயிற்சியைக் கற்றுக்கொண்டு வருவது புத்திசாலித்தனம். கைமுறை தருகிற ஆறுதல் நாள்கணக்கில், பயிற்சி தருவது வருஷக்கணக்கில். முதியவர்கள் விழுவதைத் தடுப்பதில் உடற்பயிற்சிக்கு இருக்கும் சான்று வேறெதற்கும் இல்லை. 2019இல் காக்ரேன் அமைப்பு பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, பயிற்சி செய்தவர்கள் விழுவது 23 சதவீதம் குறைந்திருந்தது. சமநிலைப் பயிற்சியும் காலுக்குப் பலம் சேர்க்கும் பயிற்சியும்தான் அதில் முக்கியம். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருவதற்கு எந்த உரிமமும் வேண்டாம், பெட் ஸ்பேஸ் அறையில் அதற்கு இடமும் போதும். குளிர்காலத்தில் கிரீக் ஓரத்து நடைபாதை, கோடையில் ஏதாவதொரு மால் இருக்கவே இருக்கின்றன.

வசதி உள்ளவர்களுக்கு என் பரிந்துரை வேறு. அம்மாவை ஆஸ்டியோபத்திடம் அழைத்துப் போவதானால் மூன்று அல்லது நான்கு அமர்வுக்கு மேல் முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டாம். போவதற்கு முன் அம்மாவால் செய்ய முடியாத ஒரு காரியத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். தலை சீவுவது, பின் சீட்டில் ஏறுவது, தொழுகையில் சுஜூதிலிருந்து எழுவது என எதுவானாலும் சரி. நாலாவது அமர்வுக்குப் பிறகு அது முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லையென்றால், “இன்னும் ஆறு சிட்டிங் ஆகும் மேடம்” என்ற பேச்சைக் கேட்டுவிட்டு வணக்கம் சொல்லிக் கிளம்பலாம். சிகிச்சை முடிந்ததும் பெரியவர்களைச் சட்டென்று எழுப்பாதீர்கள். ரத்தக்கொதிப்பு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு எழுந்தவுடன் தலை சுற்றி, வைத்தியசாலையிலேயே விழுந்த கதைகள் உண்டு.

ஊர் திரும்பும் உடம்பு

2020 செப்டம்பரில் துபாய், 55 வயதைக் கடந்த வெளிநாட்டவருக்கு ஓய்வுக்கால விசாவை அறிவித்தது. அதற்குத் தகுதி பெறப் பத்து லட்சம் திர்ஹம் சேமிப்போ, விலை உயர்ந்த சொத்தோ, பெரிய மாத வருமானமோ வேண்டும். அது எட்டாத தேராவின் பெரும்பாலான முதுகுகள் ஓய்வெடுக்கப் போவது ராமநாதபுரத்திலும் தஞ்சாவூரிலும்தான்.

அங்கே நிலைமை முன்பு போல் மோசமில்லை. இந்தியாவின் முதல் முதியோர் மருத்துவப் பேராசிரியரான வ.செ. நடராஜன் பணியாற்றியது சென்னை மருத்துவக் கல்லூரியில். 2024 பிப்ரவரியில் கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை திறக்கப்பட்டது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார். வருகிறவரிடம் காட்ட ஏதாவது இருக்க வேண்டும். முப்பது வருஷ துபாய் வாழ்க்கையின் எக்ஸ்ரேக்கள் ஏதோ ஒரு கிளினிக்கின் கணினியில் கிடக்க, ‘பட்டை தேஞ்சிருக்குன்னாங்க’ என்ற ஒரு வரியோடு திரும்புகிறவர்கள்தான் அதிகம். விசா ரத்தாவதற்கு முன், காப்பீடு உயிரோடு இருக்கும்போதே, எலும்பு ஸ்கேன், வைட்டமின் டி, சிறுநீரகப் பரிசோதனை, மாத்திரைப் பட்டியல் எல்லாவற்றையும் அச்செடுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கார்கோவில் போடாமல் கைப்பையில் வையுங்கள்.